ஸெர்மாட்டில் ஏறி, இத்தாலியில் சாப்பிட்டு, கடைசி லிஃப்டுக்கு முன் திரும்புவது எப்படி

சுவிஸில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் ஸ்கீ தலைகீழாகத்தான் பழகப்படுகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூட ஸ்கீலாகருக்கு, அதாவது பனிச்சறுக்கு முகாமுக்கு, ஒரு கிழமை போய்ப் பழகிக்கொண்டு வருவார்கள், அம்மாவும் அப்பாவும் அடிவாரத்து உணவகத்தில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்து கை காட்டுவார்கள். நானும் 36 வயது வரை கை காட்டிக்கொண்டிருந்தவன்தான். பிறகு ஒரு நாள் வெட்கத்தை விட்டு மகளிடமே பழகினேன், "அப்பா, முழங்காலை மடக்குங்கோ, ஸ்கீயைப் பார்க்காதேங்கோ, தூரத்தைப் பாருங்கோ" என்று அவள் கத்தக் கத்த, நாலு வயதுக் குழந்தைகள் என்னைக் கடந்து போகப் போக.

இப்படி ஒருவழியாகக் குடும்பமே பழகி முடித்து, விடுமுறைக்கு மலைக்குப் போய், மூன்றாம் நாள் "இண்டைக்குப் பெரிசா ஏதாவது செய்வம்" என்று பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்குகிற வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிசு என்றதும் மிகச் செங்குத்தான கறுப்புப் பாதையில் போய் உருண்டு எழும்ப வேண்டியதில்லை. இத்தாலி எல்லையோரத்துச் சுவிஸ் மலையூரான ஸெர்மாட்டில் காலையில் ஏறுங்கள், மலைக்கு அந்தப் பக்கம் இத்தாலிக்குச் சறுக்கிப் போங்கள், அங்கே மதியம் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் ஸெர்மாட்டுக்கே திரும்புங்கள். சரிவு பெரிய பயமில்லை. நடுவில் 3,300 மீட்டருக்கு மேலே ஒரு மலைமுகடு இருக்கிறது, அங்கே காற்றடித்தால் மலைக்கு ஏற்றுகிற கம்பிவட லிஃப்ட் நிற்கும், லிஃப்ட் நின்றால் நீங்கள் வேறு நாட்டில் நிற்பீர்கள். இந்த நாளில் பாதி ஸ்கீ, மறுபாதி மணிக்கூடு.

யாரைக் கூட்டிப் போகலாம்

சுவிஸில் பச்சைப் பாதை கிடையாது. 25 விழுக்காடு சரிவு வரை நீலம், 40 வரை சிவப்பு, அதற்கு மேல் கறுப்பு. இத்தாலி போய் வரக் கறுப்பு தேவையே இல்லை, சிவப்பில் நிதானமாக இறங்கத் தெரிந்தால் போதும். ஆனால் "தெரிந்தால்" என்பதை வீட்டில் சோபாவில் இருந்து முடிவு செய்யாதீர்கள். முதல் நாளே ஸெர்மாட்டின் ரோத்ஹோர்ன் மலைப்பக்கத்து நீளமான சிவப்புப் பாதை ஒன்றில் எல்லோரையும் இறக்கிப் பாருங்கள். வேகத்தைப் பார்க்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் திரும்புகிறார்களா, "அந்தக் கம்பத்தடியில் நில்" என்றால் அந்தக் கம்பத்தடியில் நிற்க முடிகிறதா, கீழே வந்து சேர்ந்த பிறகு பனியில் தொப்பென்று உட்காராமல் நிற்கிறார்களா, இந்த மூன்றையும் பாருங்கள். வீட்டில் மெதுவானவர் யாரோ அவருடைய கால்தான் குடும்பத்தின் கால். எங்கள் வீட்டில் அது நான். மகனுக்கு 11 வயது, அவன் என்னை விட நன்றாகவே போவான், ஆனால் களைத்தால் சொல்ல மாட்டான், அதனால் அவனையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது உயரம். ஸெர்மாட் ஊர் ஏறக்குறைய 1,600 மீட்டர், நுவரெலியாவை விடவே பதிவு, அங்கே யாருக்கும் ஒன்றும் செய்யாது. நீங்கள் ஏறப்போகிற கிளைன் மாட்டர்ஹோர்ன் முகடு 3,883 மீட்டர். பீதுருதாலகாலையின் உச்சிக்கு மேலே இன்னும் 1,300 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது, மூச்சுக்கு அவ்வளவு ஒட்சிசன்தான் கிடைக்கும். வந்திறங்கிய முதல் நாளே போகாதீர்கள், குறைந்தது இரண்டு இரவு ஸெர்மாட்டிலோ பக்கத்து ஊரான டேஷிலோ படுத்துவிட்டுப் போங்கள். கைக்குழந்தை, இதய வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் என்றால் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பயணம் வேண்டாம். அம்மம்மா, அப்பப்பா கூட வந்திருந்தால் அவர்களைக் கோர்னர்கிராட் ரயிலில் ஏற்றிவிடுங்கள். 1898 முதல் ஓடுகிற ரயில், 3,089 மீட்டருக்குப் போகும், அந்த ஊரின் பெயர்பெற்ற மலையான மாட்டர்ஹோர்னை அவர்கள் உங்களை விட நன்றாகப் பார்த்துவிட்டு வருவார்கள்.

முதல் நாள் இரவு

இரவில் முதலில் பார்க்க வேண்டியது காற்று. பனி விழுமா என்பது இரண்டாம் பட்சம். ஊரில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும், முகட்டில் தெற்குக் காற்று ஆளைத் தள்ளும், அப்போது இத்தாலிக்கான இணைப்பை மூடிவிடுவார்கள். லிஃப்ட் நிறுவனத்தின் செயலியிலும் நிலையங்களில் தொங்குகிற பலகைகளிலும் எது திறப்பு, எது மூடல் என்று போட்டிருக்கும். இரவில் ஒருமுறை, காலையில் ஒருமுறை, மேலே ஏறிய பிறகு ஒருமுறை பாருங்கள். பின்னேரம் காற்று கூடும் என்று முன்னறிவிப்பில் இருந்தால் நான் போகவே மாட்டேன். காலையில் இணைப்பு திறந்திருந்தாலும்.

பனிச்சரிவு அபாயத்தை டாவோசில் இருக்கிற எஸ்.எல்.எஃப். நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வெளியிடும். ஐந்து நிலைகள். கம்பம் நட்டுத் திறந்து வைத்திருக்கிற பாதைகளுக்கு லிஃப்ட் நிறுவனத்தாரே பொறுப்பாகப் பாதுகாப்புப் பார்த்திருப்பார்கள், நீங்கள் அதை விட்டு வெளியே போகாத வரைக்கும். "மூன்று என்றால் நடுத்தரம்தானே" என்று நினைத்து வெளியே போகிறவர்கள்தான் நிறையச் சாகிறார்கள்.

பிறகு டிக்கெட். ஸெர்மாட்டுக்கு மட்டுமான பாஸ் வேறு, இத்தாலியும் சேர்ந்த இன்டர்நேஷனல் பாஸ் வேறு. ஏற்கெனவே சுவிஸ் பக்கத்துப் பாஸ் எடுத்திருந்தால் ஒரு நாளுக்கு மட்டும் வித்தியாசப் பணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம், அதை மலை ஏற முன்பே கவுண்டரில் செய்யுங்கள்.

இத்தாலிக்குச் சட்டமும் கொஞ்சம் வேறு. 2022 ஜனவரி முதல் அங்கே ஸ்கீ செய்கிற எல்லோருக்கும் மூன்றாம் நபர் காப்புறுதி கட்டாயம். அதாவது நீங்கள் யாரையாவது இடித்துவிட்டால் அவருடைய செலவைத் தாங்குகிற காப்புறுதி. சுவிஸில் பெரும்பாலான வீடுகளில் இருக்கிற தனியார் பொறுப்புக் காப்புறுதி இதற்குச் செல்லுமா என்று முன்கூட்டியே ஒரு தொலைபேசி அடித்துக் கேளுங்கள், இல்லையென்றால் பாஸோடு சேர்த்துச் சில யூரோவுக்கு நாள் காப்புறுதி வாங்கலாம். தலைக்கவசம் முன்பு 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் கட்டாயமாக இருந்தது, 2025 நவம்பர் முதல் எல்லோருக்கும். சுவிஸ் பக்கத்தில் சட்டம் இல்லை, அதற்காகக் கவசம் இல்லாமல் போகிற அப்பாமார் இன்னும் இருக்கிறார்கள்.

பையில் போட வேண்டியவை: அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட்டோடு வதிவிட அட்டை, மருத்துவக் காப்புறுதி அட்டை, வங்கி அட்டை, கொஞ்சம் யூரோ. ஒரு இரவுக்கான மருந்து. இதைச் சிரிக்காமல் கேளுங்கள், அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் பல்துலக்கி இல்லாமல் சமாளிக்கலாம், சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகிறவர் இன்சுலின் இல்லாமல் சமாளிக்க முடியாது. அதையும் முதுகுப்பையில் வைக்காதீர்கள், உறைந்துவிட்டால் பிறகு பயன்படுத்தக் கூடாது. உடம்போடு ஒட்டிய உள் பையில் வையுங்கள். தொலைபேசியும் அங்கேதான், குளிரில் பற்றரி இறங்கும். முகட்டுக்குப் பக்கத்தில் தொலைபேசி தானாக இத்தாலிய வலையமைப்புக்குத் தாவும், சுவிஸ் ஒப்பந்தம் என்றால் ரோமிங் கட்டணத்தையும் முதலே பார்த்து வையுங்கள்.

வாடகைக் கடையில் பொய் சொல்லாதீர்கள்

ஸ்கீயை வாடகைக்கு எடுக்கும்போது உயரம், எடை, வயது, எப்படி ஓடுவீர்கள் என்று கேட்டு எழுதுவார்கள். அதை வைத்துத்தான் சப்பாத்தைப் பிடிக்கிற பூட்டை முறுக்குவார்கள், எவ்வளவு விசை வந்தால் ஸ்கீ காலை விட்டுக் கழன்று போக வேண்டும் என்பது அந்த முறுக்கில் இருக்கிறது. மூன்றாம் வருடம் எனக்குப் பின்னால் வரிசையில் வேலைத்தலத்து ஆள் ஒருவர் நின்றதால் கெத்தாக "வேகமாக ஓடுவேன்" என்று சொன்னேன், எடையிலும் ஐந்து கிலோ கூட்டினேன், ஏன் கூட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. அன்று பின்னேரம், கிட்டத்தட்ட நின்ற நிலையில், நடை வேகத்தில் விழுந்தேன். வேகமாக விழுந்திருந்தால் ஸ்கீ கழன்றிருக்கும். மெதுவாக விழுந்ததால் பூட்டு விடவில்லை, ஸ்கீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், முழங்கால் நடுவில். ஆறு கிழமை படியில் குந்திக் குந்தி இறங்கினேன். கடைக்காரரில் பிழை இல்லை. உள்ளதைச் சொல்லுங்கள், பூட்டை நீங்களாகத் திருகாதீர்கள்.

சப்பாத்து சரியா என்று பார்க்க ஒரு வழி: போட்டுப் பூட்டி நேராக நின்றால் விரல் நுனி முன்னால் மெல்லத் தொட வேண்டும், முழங்காலை முன்னுக்கு மடக்கினால் விரல் விலக வேண்டும், குதி மேலே எழும்பக் கூடாது. "பெரிசாக இருந்தால் வசதி" என்ற நம் ஊர்ச் சப்பாத்துக் கணக்கு இங்கே பிழைக்கும், கால் உள்ளே ஆடினால் ஸ்கீ சொல் கேட்காது. காலுறை ஒன்றே ஒன்று, முழங்கால் வரை வருகிற மெல்லியது. குளிருமே என்று இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் இறுகி இன்னும் குளிரும்.

உடுப்பை நீட்டவில்லை. உடம்போடு ஒட்டுகிற உள்ளாடை பருத்தியாக இருக்கக் கூடாது, அதன் மேல் கம்பளியோ ஃபிளீஸோ, அதன் மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். ஜீன்ஸோடு ஸ்கீக்கு வருகிறவர்களை இன்னும் பார்க்கிறேன், நனைந்தால் அது தகரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு பாகை வெப்பம் குறையும், ஊரில் மைனஸ் 5 என்றால் மேலே மைனஸ் 20, அதற்கு மேல் காற்று. கையுறை ஒரு சோடி கூடுதலாக வேண்டும், ஏனென்றால் நாற்காலி லிஃப்டில் போகும்போது யாராவது ஒருவர் ஒன்றைக் கீழே போடுவார். சூரியக் கிரீம் "எங்கள் தோலுக்குத் தேவையில்லை" என்று சொல்கிற மாமாமார் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. ஆயிரம் மீட்டருக்குப் பத்து விழுக்காடு அளவில் புற ஊதாக் கதிர் கூடுகிறது, புதுப் பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அடிக்கிறது, அதாவது மூக்குக்குக் கீழேயும் காதுக்குப் பின்னாலும் சுடும். கறுப்புத் தோலும் உரியும், என் மூக்கு சாட்சி.

தின்ன ஏதாவது பையில் வேண்டும். கச்சான் அல்வா கொண்டு போனோம், மேலே அது கல். மகன் கடித்த சத்தத்தில் பக்கத்திலிருந்த ஜெர்மன்காரர் திரும்பிப் பார்த்தார். எள்ளுருண்டையும் பேரீச்சம்பழமும் கொஞ்சம் இளகி இருக்கும். ரோல்ஸ் என்றால் ஜாக்கெட் உள் பையில், தாளில் சுற்றி.

காலை

ஸெர்மாட்டுக்குள் கார் விட மாட்டார்கள். டேஷில் நிறுத்தி 12 நிமிட ரயில். தங்கியிருப்பது டேஷில் என்றால் இந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், ஸ்கீச் சப்பாத்தோடு நடக்கிற தூரத்தையும். முதல் லிஃப்ட் கிளம்ப முன்பே வரிசையில் நிற்க வேண்டும். ஒரு மணி நேரம் தூங்கினால் அந்த ஒரு மணி நேரத்தைப் பிறகு இத்தாலியில் வைத்துத்தான் கழிப்பீர்கள்.

கம்பிவடத்தில் தொங்கிப் போகிற சிறு கூண்டான கோண்டோலாவில் ஃபூரி, ஷ்வார்ஸ்சே நிலையங்கள் வழியாக ட்ரோக்கனர் ஷ்டேக் வரும், 2,939 மீட்டர். அங்கே உடனே அடுத்ததில் ஏறாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் குடியுங்கள், கழிவறைக்குப் போங்கள், யாருக்காவது தலை இடிக்கிறதா என்று கேளுங்கள், பலகையைப் பாருங்கள். அங்கிருந்து 2018-இல் திறந்த பெரிய கேபிள் கார், பனியாற்றுக்கு மேலாக நேரே கிளைன் மாட்டர்ஹோர்னுக்கு ஏறும். ஐரோப்பாவிலேயே மிக உயரமான கேபிள் கார் நிலையம் அதுதான். இறங்கியதும் மலையைக் குடைந்த சுரங்கம் ஒன்றில் ஸ்கீயைத் தோளில் வைத்து நடக்க வேண்டும், பிள்ளைகள் அங்கே ஓடத் தொடங்குவார்கள், ஓட விடாதீர்கள். ஐம்பது அடி ஓடினால் காதுக்குள் இதயம் கேட்கும். தலை இடித்து வாந்தி வருகிற மாதிரி யாருக்காவது இருந்தால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கீழே இறங்குவதுதான் மருந்து, சில நூறு மீட்டர் இறங்கினாலே முகம் தெளியும்.

மேலே நின்று படம் எடுங்கள், வானம் தெளிவென்றால் மோன் பிளாங் வரை தெரியும், ஆனால் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஸ்கீயைப் பூட்ட முன் சப்பாத்தின் அடியில் ஒட்டிய பனியைத் தட்டிவிடுங்கள். அது இருந்தால் பூட்டு சரியாக விழாது, பாதி வழியில் ஒரு கால் மட்டும் தனியாகப் போகும்.

முதல் இறக்கம் பனியாற்றின் மேல். அகலம், எளிது, எல்லோருக்கும் துணிச்சல் வருகிற இடம். ஆகவே இங்கேதான் கண்டிப்பாக இருக்க வேண்டும்: கம்பத்துக்கு வெளியே இரண்டு மீட்டர்கூடப் போகக் கூடாது. ஓரத்தில் யாரும் தொடாத பனி பஞ்சு மாதிரி விரிந்து கிடக்கும், அதற்கு அடியில் பனியாற்றின் வெடிப்புகள் இருக்கின்றன, மேலே பனி மூடி இருப்பதால் தெரியாது. என் மகன் ஒருமுறை அந்தப் பக்கம் ஸ்கீயைத் திருப்பினான். கத்தவில்லை, அன்றிரவு ஒரு கதை சொன்னேன். 1600-ஆம் ஆண்டையொட்டி இதே தியோடுல் பனியாற்றில் ஒரு மனிதர் விழுந்து போனார், 1984-இல் தொடங்கிச் சில வருடங்களில் பனியாறு அவருடைய எலும்பையும் வாளையும் துப்பாக்கியையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே துப்பியது. ஏறக்குறைய 400 வருடம். அதற்குப் பிறகு கம்பம் என்றால் அவனுக்குச் சுவர் மாதிரி.

அங்கிருந்து பிளாட்டோ ரோசா, 3,480 மீட்டர், எல்லை இங்கேதான். சோதனைச் சாவடியும் இல்லை, முத்திரையும் இல்லை, ஒரு பலகை மட்டும். அந்த எல்லைகூட நிற்கிற இடத்தில் நிற்பதில்லை, பனியாறு உருக உருக நீர் பிரிகிற கோடு நகர்கிறது, அதனால் மாட்டர்ஹோர்ன் பக்கத்தில் எல்லையைத் திருத்த இரண்டு நாடுகளும் உடன்பட்டு, 2024 செப்டம்பரில் சுவிஸ் ஒப்புதல் கொடுத்தது. பிள்ளைகள் ஒரு ஸ்கீ சுவிஸில், ஒரு ஸ்கீ இத்தாலியில் என்று நின்று படம் எடுப்பார்கள், எடுக்கட்டும்.

வென்டினா

இந்த நாளே இதற்காகத்தான். பிளாட்டோ ரோசாவில் தொடங்கி 2,050 மீட்டரில் இருக்கிற இத்தாலிய ஊரான செர்வீனியா வரை ஏழாம் எண் பாதை, பெயர் வென்டினா, சிவப்பு, 1,400 மீட்டருக்கு மேல் ஒரே இறக்கம். சுவிஸ் பக்கம் கூராக மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற மாட்டர்ஹோர்ன், இந்தப் பக்கம் தடித்த தோளாகத் தெரியும், பெயரும் இங்கே செர்வீனோ. மகள் "இது வேற மலை" என்று வாதாடினாள்.

இவ்வளவு நீளத்தை ஒரே மூச்சில் இறங்க முயலாதீர்கள். எங்கள் முறை இது: மகள் முன்னால், நடுவில் மகனும் மனைவியும், கடைசியில் நான். முன்னால் போகிறவர் ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும், மேலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில், பாதையின் ஓரமாக நிற்க வேண்டும். மேட்டுக்கு அடியில் நிற்கவே கூடாது, மேலிருந்து வருகிறவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். கடைசியாக வந்து சேர்கிறவர் மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் அடுத்த துண்டு. இதில் எல்லாக் குடும்பமும் விடுகிற பிழை, மெதுவானவர் வந்து சேர்ந்ததுமே மற்றவர்கள் கிளம்பிவிடுவது. எல்லோருக்கும் ஓய்வு கிடைக்கிறது, அவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. நான் அனுபவித்தவன்.

பத்து விதிகள் கொண்ட சர்வதேச ஒழுங்கு ஒன்று இருக்கிறது, பிள்ளைகள் ஸ்கீலாகரில் படித்திருப்பார்கள், பெரியவர்களுக்குத்தான் தெரியாது. முக்கியமானது, முன்னால் அதாவது கீழே போகிறவருக்கே முதலிடம். பின்னால் வருகிறவர்தான் பார்த்து விலக வேண்டும், முன்னால் போகிறவர் எப்படித் தாறுமாறாகத் திரும்பினாலும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மேலே ஒரு பார்வை.

காலையில் சில துண்டுகள் கண்ணாடி மாதிரி இறுகி இருக்கும். அதில் பயந்து உடம்பை மலைப்பக்கம் சாய்த்தீர்களோ, கால் வழுக்கும். மகள் எனக்குச் சொல்லித்தந்தது பக்கவாட்டில் வழுக்குவது. ஸ்கீ இரண்டையும் சரிவுக்குக் குறுக்கே வைத்து நில்லுங்கள். நிற்க முடிகிறது என்றால் உலோக விளிம்பு பனியில் பிடித்திருக்கிறது. இப்போது கணுக்காலை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள், ஸ்கீ மட்டமாகும், 'கர்ர்' என்ற சத்தத்தோடு உடம்பு நேரே கீழே நகரும். முழங்காலை மலைப்பக்கம் தள்ளினால் விளிம்பு மறுபடி பிடிக்கும், நிற்பீர்கள். எடை கீழ்க்காலில், தோள் பள்ளத்தாக்கைப் பார்த்து. பார்க்க அழகில்லை, நண்டு இறங்குகிற மாதிரி இருக்கும், ஆனால் இந்த ஒன்று தெரிந்தவரை எந்தச் சரிவிலிருந்தும் இறக்கிவிடலாம். முதல் நாளே பத்து முறை பழகிக்கொள்ளுங்கள்.

யாராவது விழுந்து எழும்ப முடியவில்லை என்றால், அவருக்கு மேல்பக்கமாகச் சில மீட்டர் தள்ளி இரண்டு ஸ்கீயைப் பெருக்கல் குறி மாதிரி பனியில் குத்துங்கள், மேலிருந்து வருகிறவர்கள் விலகிப் போவார்கள். இத்தாலிப் பக்கம் 112, ஸெர்மாட் பக்கம் 144. பாதை எண் எழுதிய வட்டப் பலகை ஓரத்தில் இருக்கும், அந்த எண்ணைச் சொல்லுங்கள், அதனால்தான் வென்டினா என்றால் ஏழு என்று முதலே மனதில் வைக்கச் சொல்கிறேன். யாரையாவது இடித்துவிட்டால் பெயர், விலாசம் கொடுக்காமல் போகக் கூடாது, அதுவும் அந்தப் பத்தில் ஒன்று.

எங்கே சாப்பிடுவது

எல்லோரும் செய்வது, செர்வீனியா ஊருக்குள் இறங்கி மேசை பிடித்துச் சாப்பிடுவது. நாங்களும் முதல் வருடம் அதைத்தான் செய்தோம், வெயில், நல்ல பாஸ்டா, சுவிஸில் பாதி விலை மாதிரி ஒரு பில், மகிழ்ச்சியில் இரண்டாவது கோப்பி. பிறகு கோண்டோலா வரிசை, மேலே அடுத்த வரிசை, அதற்கு மேலே பெரிய கேபிள் காருக்கு 40 நிமிடம், கூடவே காற்று. கடைசிக்கு முந்தைய கேபிள் காரில் ஏறினோம். மனைவி அந்த 40 நிமிடமும் என்னோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

திரும்பி ஏற மூன்று துண்டு இருக்கிறது: ஊரிலிருந்து பிளான் மேசோன், அங்கிருந்து லாகி சிமே பியாங்கே, அங்கிருந்து பிளாட்டோ ரோசா. அதனால் இப்போது ஊரைத் தொட்டுவிட்டு, நிற்காமல் முதல் கோண்டோலாவில் ஏறிப் பிளான் மேசோனில், 2,550 மீட்டர் அளவில், சாப்பிடுகிறோம். மூன்றில் ஒரு துண்டு வயிறு காலியாக இருக்கும்போதே முடிந்துவிடும். பொலென்டா கொன்சா கேளுங்கள், சோளமாவில் கிண்டிய களியில் அந்தப் பள்ளத்தாக்கின் ஃபொன்டீனா சீஸை உருக்கிக் கலந்திருப்பார்கள், இறைச்சி இல்லை, மிளகாய்த்தூள் பொட்டலம் கையில் இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகளுக்கு இத்தாலியச் சூடான சொக்லேட், கரண்டியால் அள்ளித்தான் தின்ன வேண்டும். பொம்பார்டினோ என்று மஞ்சளாக ஒன்று தருவார்கள், முட்டையும் மதுவும், இனிப்பாக இருப்பதால் தெரியாது. திரும்பிப் போய் ஊரில் குடியுங்கள்.

மணிக்கூடு

கடைசியாக எல்லை தாண்டலாம் என்கிற நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், பிற்பகல் மூன்றை ஒட்டி இருக்கும் என்று மனதில் வைத்துக்கொண்டு அன்றைய நேரத்தைப் பலகையில் பாருங்கள், பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இரண்டு வரிசைக்கு ஒரு மணி நேரம், காற்றுக்கும் கழிவறைக்கும் அரை மணி. பிளான் மேசோனில் நாங்கள் 1:15-க்கு எழும்புவோம், தட்டில் என்ன இருந்தாலும். செர்வீனியாவில் 11:45 தாண்டி இறங்கினால் இன்னொரு சறுக்கல் இல்லை, நேரே மேலே. காலையில் எந்த இடத்திலும் அரை மணி பிந்தினால் ஊர் வரை இறங்காமல் நடுவிலேயே திரும்பி ஏறுவோம். இந்த நேரங்களை மகளிடம் கொடுத்துவிட்டேன், அவள் கையில் கட்டியிருக்கிறாள், "அப்பா, எழும்புங்கோ" என்றால் எழும்ப வேண்டும். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் "அஞ்சு நிமிசம்" சலுகை கொடுப்பார்கள், 14 வயது கொடுக்காது.

முகட்டில் மேகம் இறங்கிவிட்டால் வானமும் பனியும் ஒரே வெள்ளை, நிற்கிறீர்களா நகர்கிறீர்களா என்றே தெரியாது, சிலருக்குத் தலை சுற்றும். ஓரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை மட்டும், ஒருவரை ஒருவர் பார்க்கிற தூரத்தில். தனியே முன்னுக்குப் போகிற வேலை அன்றைக்கு இல்லை.

பிந்திவிட்டீர்கள் என்றால் முதலில் லிஃப்ட் ஊழியரிடம் கேளுங்கள். பிளாட்டோ ரோசாவிலிருந்து கிளைன் மாட்டர்ஹோர்னுக்கு 2023 முதல் கேபிள் காரும் ஓடுகிறது, அது திறந்திருந்தால் ஒரு வழி. அதுவும் நின்றால் செர்வீனியாவில் அறை எடுங்கள், அல்லது டாக்ஸி. மேலே பத்து நிமிடத்தில் தாண்டுகிற எல்லையைச் சாலையில் சுற்றினால் கிரேட் செயின்ட் பெர்னார்ட் சுரங்கம் வழியாக மூன்று நான்கு மணி நேரம், பல நூறு ஃபிராங்க். மூடியிருக்கிற பாதையில் கயிற்றுக்கு அடியால் புகுந்து நடந்தே தாண்டிவிடலாம் என்று மட்டும் யோசிக்க வேண்டாம்.

சுவிஸ் பக்கம் வந்த பிறகு எல்லோருக்கும் அப்பாடா என்றிருக்கும், கால் அப்போதுதான் விடும். ட்ரோக்கனர் ஷ்டேக் வரை எளிது. அதற்குக் கீழே ஊர் வரை சறுக்கலாம், ஆனால் பின்னேரத்தில் கடைசித் துண்டு உறைந்தும், சனம் நிறைந்தும் இருக்கும், எல்லோரும் களைத்த காலோடு வருவார்கள். நான் கோண்டோலாவில் இறங்குகிறேன். பிள்ளைகள் கேலி செய்வார்கள். முழங்கால் என்னுடையது.

அறைக்கு வந்ததும் படுக்க முன் ஒரு வேலை: சப்பாத்தின் உள்ளுறையை வெளியே இழுத்துக் காற்றாட விடுங்கள், தாளைச் சுருட்டி உள்ளே திணித்தாலும் சரி, ஹீட்டருக்கு மேலே மட்டும் வைக்காதீர்கள், வடிவம் கெட்டுவிடும். மகன் போன முறை இதைச் செய்யாமல் தூங்கிவிட்டான். மறுநாள் காலை அந்த ஈரத்துக்குள் காலை விட்டபோது அவன் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டினார்.